டேங்கில் பெட்ரோல் கலக்கும் யோசனை பற்றி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடச் சொல். இங்கே எல்லோரும் நலம். பட்டறைப் பொறுப்பை மகன் கையில் கொடுத்துவிட்டேன். ஆனாலும் காலையில் ஒரு நடை போய் டெஸ்ட் பெஞ்ச் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தால்தான் எனக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கிறது. முழங்கால் வலி முன்பு போல் இல்லை, படி ஏறுகிறேன்.

மற்ற சேதிகள் இருக்கட்டும். நீ கடைசியில் எழுதியிருந்த விஷயத்துக்காகத்தான் அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். குளிர்காலத்தில் மலைக்குப் போகிறீர்கள், ராத்திரியில் பூஜ்யத்துக்கும் கீழே போகும், டீசல் உறையாமல் இருக்க டேங்கில் கொஞ்சம் பெட்ரோல் கலந்துகொள்ளலாம் என்று மாமா சொல்கிறார், சரியா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்டா. கொஞ்சமும் வேண்டாம். இந்தப் புது வண்டியில் அதைச் செய்யவே செய்யாதே.

மாமா விவரம் தெரியாமல் சொல்லவில்லை. அவர் ஓட்டிய வண்டிக்கு அது சரியான யோசனைதான். டீசலில் பாரஃபின் மெழுகு கரைந்து இருக்கிறது. குளிர் ஏற ஏற அந்த மெழுகு துகள் துகளாகப் பிரிந்து வரும். முதலில் டீசல் கலங்கலாகத் தெரியும், அப்புறம் துகள்கள் ஃபில்டரில் போய் அடைத்துக்கொள்ளும். டேங்கில் டீசல் திரவமாகவே இருக்கும், ஆனால் ஃபில்டரைத் தாண்டி இன்ஜினுக்குப் போகாது. பெட்ரோலோ மண்ணெண்ணெயோ கலந்தால் மெழுகு பிரிவது இன்னும் சில டிகிரி தள்ளிப்போகும். அந்தக் காலத்து டீசல் கார்களின் கையேட்டிலேயே இது அச்சாகி இருந்தது. சிலவற்றில் கடுங்குளிருக்கு 30 சதவீதம் வரை பெட்ரோல் கலக்க அனுமதித்திருந்தார்கள். மாமா அதைப் படித்து, செய்து, பலன் கண்டவர்.

ஆனால் டீசலை அழுத்தி இன்ஜினுக்கு அனுப்பும் பம்ப் அவர் வண்டியில் இருந்தது வேறு, உன் வண்டியில் இருப்பது வேறு. பழைய இன்லைன் பம்ப் பலவற்றில், சுழன்று பம்ப்பை இயக்கும் கேம் ஓடும் பகுதிக்கு இன்ஜின் ஆயிலே வந்துகொண்டிருக்கும். டீசல் எப்படி இருந்தாலும் கேமுக்கும் ரோலருக்கும் வேண்டிய வழுவழுப்பு தனியாகக் கிடைத்துவிடும். அழுத்தமும் சில நூறு பார்தான். கார்களில் காமன் ரெயில், அதாவது டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை அழுத்தி வைத்திருக்கும் முறை, வந்தது 1997-ல். அப்போதே அழுத்தம் 1350 பார். இன்றைக்கு 2000-ஐத் தாண்டிவிட்டது. கார் டயரில் நீ அடிக்கும் காற்று இரண்டு பாருக்குச் சற்று மேல் என்று நினைத்துப் பார், கணக்குப் புரியும். இத்தனை அழுத்தத்தைத் தாங்கும் பம்ப்புக்குள் பெரும்பாலும் ஒரு சொட்டு இன்ஜின் ஆயில்கூடப் போவதில்லை. உள்ளே ஓடும் எல்லாவற்றுக்கும் மசகு எண்ணெய் அந்த டீசலேதான். டீசலைத் தள்ளும் பிளஞ்சர் தண்டுக்கும் அது ஓடும் துளைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி சில மைக்ரான். அந்த இடைவெளியில் நிற்கும் மெல்லிய டீசல் படலம்தான் இரும்பை இரும்பிலிருந்து பிரித்து வைத்திருக்கிறது. பெட்ரோல் அந்தப் படலத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும். கிரீஸ் படிந்த கையைப் பெட்ரோலில் துடைத்தால் தோல் எப்படி வறண்டு போகிறதோ, அதே வேலையைத்தான் அது பம்ப்புக்குள்ளும் செய்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. மாமா காலத்து டீசலுக்கு இயல்பாகவே வழவழப்பு அதிகம். மாசைக் குறைக்கக் கந்தகத்தை எடுக்கும்போது, வழவழப்பு தரும் சேர்மங்களும் கூடவே போய்விடுகின்றன. 1990-களின் தொடக்கத்தில் சுவீடனில் கந்தகம் குறைந்த டீசல் வந்த புதிதில் பம்ப்புகள் தேய்ந்து போனது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த கதை. அதன் பிறகுதான் சுத்திகரிப்பு ஆலையிலேயே வழவழப்புக்குத் தனியாகச் சேர்மானம் கலக்க ஆரம்பித்தார்கள். டீசலுக்குள் ஓர் எஃகுக் குண்டைத் தேய்த்து, அதில் விழும் தழும்பின் அளவைப் பார்த்துச் சோதிக்கிறார்கள். ஐரோப்பியத் தரப்படி அது 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது. இப்படிக் கணக்குப் பார்த்துச் சேர்த்ததை நாமே பெட்ரோல் ஊற்றி நீர்க்கவைத்தால் என்ன ஆகும், சொல்.

என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். தவறுதலாகப் பெட்ரோல் போட்டுவிட்டு, வண்டி ஓடுகிறதே என்று நெடுந்தூரம் ஓட்டி, கடைசியில் நின்றுபோன வண்டி ஒன்று பட்டறைக்கு வந்தது. ரெயிலுக்குப் போகும் குழாயைக் கழற்றி, அதிலிருந்த எரிபொருளை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து விளக்குக்கு நேரே தூக்கிக் காட்டினான் மகன். உள்ளே வெள்ளி நிறத்தில் பொடி மின்னிக்கொண்டிருந்தது. காந்தத்தைக் குவளைக்கு வெளியே வைத்ததும் அந்தப் பக்கமாகக் கோடு போட்டு வந்து ஒட்டியது. பம்ப்பைப் பிரித்துப் பார்த்தால், கண்ணாடி மாதிரி பளபளக்க வேண்டிய பிளஞ்சரில் நீளவாக்கில் கீறல்கள். விரல் நகத்தை வைத்து இழுத்தால் தட்டியது. அந்தப் பொடி பம்ப்போடு நிற்பதில்லை. ரெயிலுக்குப் போகிறது, ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் போகிறது, ரிட்டர்ன் குழாய் வழியாகத் திரும்ப டேங்குக்கும் வந்துவிடுகிறது. பம்ப்பை மட்டும் மாற்றினால் பழைய பொடி புதுப் பம்ப்பையும் தின்றுவிடும். பம்ப், ரெயில், குழாய்கள், இன்ஜெக்டர்கள் எல்லாம் மாற்றி, டேங்கை இறக்கிக் கழுவ வேண்டியதாயிற்று. வண்டிக்காரர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

எரிகிற விதத்திலும் பெட்ரோல் இங்கே பொருந்தாது. 1897-ல் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய இன்ஜினிலும் சரி, உன் வண்டியிலும் சரி, ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அமுக்கினால் வரும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். பெட்ரோலோ அப்படித் தானாகப் பற்றாமல் இருப்பதற்காகவே தயாரிக்கப்படுவது. அதனால் கலப்படம் போன வண்டி லொடலொடவென்று சத்தம் போடும், பிக்கப் இருக்காது, புகை தள்ளும், ஒரு கட்டத்தில் நின்றுவிடும். கொஞ்சம்தான் கலந்திருக்கிறது என்றால் ஒன்றும் வெளியே தெரியாமலே ஓடும். எனக்கு அதிகம் பயம் அதைப் பார்த்துத்தான். உள்ளே தேய்ந்துகொண்டிருக்கும், ஓட்டுகிறவருக்குத் தெரியாது.

தீ பற்றியும் யோசி. டீசலின் தீப்பற்று நிலை, அதாவது நெருப்புப் பட்டால் அதன் ஆவி பற்றிக்கொள்ளத் தொடங்கும் சூடு, 55 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கிறது, பெட்ரோலுக்கு அது கிட்டத்தட்ட மைனஸ் 40. டீசல் டேங்கின் மேற்பகுதியில் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி சேராது. பெட்ரோல் டேங்கில் ஆவி மிக அதிகம், காற்று போதாது. இரண்டும் கலந்த டேங்கில் ஆவியும் காற்றும் பற்றிக்கொள்ளும் விகிதத்தில் சேர வாய்ப்பு இருக்கிறது. குடும்பத்தோடு போகிற வண்டியில் அது தேவையா?

சரி, குளிருக்கு என்னதான் செய்வது? மலையடிவாரம் போய்ச் சேரும்போது டேங்கில் டீசல் குறைவாக இருக்கும்படி பார்த்துக்கொண்டு, அங்கே விற்கும் குளிர்கால டீசலை நிரப்பு. அந்த இடத்தின் குளிரைப் பார்த்துத்தான் அதைத் தயாரித்திருப்பார்கள். உறைதடுப்புச் சேர்மானம் வாங்குவதாக இருந்தால் வண்டிக் கம்பெனி ஒப்புக்கொண்டதாகப் பார்த்து, குளிருக்குள் போவதற்கு முன்பே ஊற்றிவிடு. மெழுகு பிரிந்த பிறகு ஊற்றினால் அது கரையாது. கிளம்பும் முன் டீசல் ஃபில்டரை மாற்றிவிடு, அதில் சேர்ந்திருக்கும் தண்ணீரும் குளிரில் உறைந்து தொல்லை தரும். குளிரில் ஸ்டார்ட் ஆக இன்ஜினுக்குள் சூடேற்றும் குளோ பிளக், பாட்டரி இரண்டையும் ஒருமுறை சோதித்துக்கொள். இவ்வளவு போதும்.

பாப்பா வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு தனியாகப் போக ஆரம்பித்திருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். அவளிடம் இதை மட்டும் சொல்லி வை. டீசல் நாசில் பொதுவாகத் தடிமனானது, பெட்ரோல் நாசில் மெலிந்தது. அதனால் பெட்ரோல் வண்டியில் டீசல் நாசிலை நுழைப்பது கஷ்டம், டீசல் வண்டியில் பெட்ரோல் நாசில் தாராளமாக நுழைந்துவிடும். எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போனதாலேயே சரியான எரிபொருள் என்று அர்த்தமில்லை. நாசிலின் நிறத்தையும் நம்ப வேண்டாம், ஒரு நாட்டில் டீசலுக்கு இருக்கும் பச்சை இன்னொரு நாட்டில் பெட்ரோலுக்கு இருக்கும். எழுத்தைப் படித்துப் பார்த்தபிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். அகலமான நாசிலுக்கு மட்டும் திறக்கும் தடுப்பு மூடி கிடைக்கிறது, உன் வண்டிக்குப் பொருந்துவது இருந்தால் வாங்கிப் போட்டுவிடு.

அப்படியும் தவறிப் போய்விட்டால், சாவியைத் தொடவே கூடாது. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணவில்லையே என்று நினைத்து இக்னிஷனை மட்டும் போட்டாலும் பல வண்டிகளில் டேங்குக்குள் இருக்கும் பம்ப் ஓட ஆரம்பித்து, கலப்படத்தை முன்னால் தள்ளிவிடும். பங்க் ஆட்களிடம் உடனே சொல்லி, வண்டியை நியூட்ரலில் தள்ளி ஓரமாக நிறுத்தி, மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். அந்த நிலையில் டேங்கை வடித்து, ஃபில்டரை மாற்றி, நல்ல டீசல் நிரப்பினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. பெட்ரோல் லேசானது, காத்திருந்தால் மேலே மிதக்கும், கீழே இருப்பது டீசல்தான் என்று யாராவது சொல்வார்கள். அது நடக்காது, இரண்டும் முழுக்கக் கலந்துவிடும். மேலே டீசலை நிரப்பிச் சமாளிக்கலாம் என்பதையும் கேட்க வேண்டாம். குழாய் போட்டு வாயால் உறிஞ்சுகிற வேலையை யார் செய்ய வந்தாலும் தடுத்துவிடு. பெட்ரோல் மூச்சுக்குழலுக்குள் போனால் நுரையீரலே புண்ணாகிவிடும். வடித்ததைச் சாக்கடையில் ஊற்றவும் விடாதே.

ஓட்டிக்கொண்டு போகும்போதுதான் தெரிகிறது என்றால் பத்திரமான இடத்தில் ஓரங்கட்டி உடனே இன்ஜினை அணைத்துவிட வேண்டும். வீடு வரைக்கும் போய்விடலாம் என்று ஓட்டுவதில்தான் பம்ப் போகிறது.

மாமாவுக்கு இந்தக் கடிதத்தை அப்படியே வாசித்துக் காட்டு. அவர் சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை என்பதை முதலில் சொல்லிவிடு. அவருக்குச் சந்தேகம் இருந்தால் என்னோடு நேரே பேசட்டும், அவரோடு பேசியும் ரொம்ப நாளாகிறது. உன் வண்டிக் கையேட்டில் எரிபொருள் பகுதியில் குளிர்காலம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுது. எந்தச் சேர்மானம் வாங்கலாம் என்பதை அதை வைத்துச் சொல்கிறேன். கிளம்பும் தேதியையும் எழுது.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்