தேய்ந்த விரலும் ஒரு ஆபீஸ் வாசலும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பென்ஷன்தாரர்களின் வாழ்நாள் சான்றிதழ் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தீர்கள். என்ன கொண்டுபோக வேண்டும், எங்கே போக வேண்டும் என்பதெல்லாம் சரியாகவே இருந்தது. போன இடத்தில் நம்மை எப்படி நடத்துகிறார்கள் என்பதையும் யாராவது எழுத வேண்டும் இல்லையா, அதனால்தான் இந்தக் கடிதம்.

என் அம்மாவுக்கு 74 வயது. தென்காசிப் பக்கம் நாற்பது வருடம் பீடி சுற்றியவர். மடியில் சுளவை வைத்துக்கொண்டு இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, இப்படியே ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி. அதற்குக் கிடைப்பது மாதம் 1,000 ரூபாய் பி.எஃப். பென்ஷன். குறைந்தபட்சம் இவ்வளவு என்று 2014-இல் வைத்தார்கள், பத்து வருடம் தாண்டியும் அதேதான். அதற்கும் வருடத்துக்கு ஒருமுறை, உயிரோடுதான் இருக்கிறேன் என்று ரேகை வைத்துக் காட்ட வேண்டும். ரேகைக்கு எங்கே போவது? இலையும் நூலும் சேர்ந்து அதை எப்போதோ தேய்த்துவிட்டன.

இந்த முறை ஒரு ஆபீசில் வரிசையில் நின்று, மூன்று தடவை விரல் வைத்தும் மெஷின் எடுக்கவில்லை. உள்ளே இருந்தவர் அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல், "கையைக் கழுவிட்டு வரத் தெரியாதா, தள்ளி நில்லு" என்றார். அவர் வயது முப்பதுக்குள் இருக்கும். அம்மா ஒன்றும் சொல்லாமல் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டே நின்றார். நானும் சண்டை போடவில்லை, வேலை முடிய வேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டேன். அது இன்னும் உறுத்துகிறது. விரல் எடுக்காவிட்டால் முகத்தைப் படம் எடுத்தே சான்றிதழ் கொடுக்கலாம், பி.எஃப். பென்ஷனுக்கு 2022-லேயே அந்த வசதி வந்துவிட்டது. அதைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

இதே அம்மாவை வேறு மாதிரி நடத்திய இடமும் உண்டு. 2009-இல் திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனையில் அம்மாவுக்குப் புரை ஆபரேஷன் நடந்தது. ஊருக்கு வந்த முகாமில் பார்த்து, பஸ்ஸில் கூட்டிப்போய், சாப்பாடு போட்டு, காசு வாங்காமல் செய்து, திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். ஆனால் அம்மா இன்றைக்கும் சொல்வது வேறு: "அந்த நர்ஸ் பிள்ளை படி வந்தப்பல்லாம், பாட்டி படி இருக்குன்னு கையைப் பிடிச்சுக்கிச்சு." அந்தப் பெண்ணின் பெயர் அம்மாவுக்குத் தெரியாது. கிராமத்துப் பெண்பிள்ளைகளை எடுத்து, இரண்டு வருடம் பயிற்சி கொடுத்துத்தான் அங்கே அந்த வேலையில் வைக்கிறார்கள். அந்த மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமிக்கும் விரல்கள் சரியில்லை. வாலிப வயதிலேயே முடக்குவாதம் வந்து கோணிப்போன விரல்கள். அந்தக் கையால் ஒரு லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன் செய்தார். 58 வயதில் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 1976-இல் மதுரையில் 11 படுக்கையோடு ஆரம்பித்தார். அவர் காலமானது 2006-இல். என் அம்மாவின் கையை அந்தப் பெண் பிடித்தது அதற்கு மூன்று வருடம் கழித்து.

அப்புறம் எங்கள் வேலை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். இந்தச் சான்றிதழுக்காகத் தபால்காரரிடம் சொன்னோம், வீட்டுக்கே வந்தார். வெந்நீர் கேட்டு வாங்கி, அம்மாவின் விரலைத் துடைத்து, ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். எதுவும் எடுக்கவில்லை. "பரவால்லம்மா, நிறைய உழைச்ச கை" என்று சொல்லிவிட்டு முகத்தைப் படம் எடுத்தார், பத்து நிமிடத்தில் முடிந்தது. நம் வாசகர்களுக்கு இந்த வசதி தெரியட்டும் என்பதால் இதைத் தயவுசெய்து வெளியிடுங்கள்.

அம்மா இப்போது தெருவில் பென்ஷன் வாங்கும் பீடிக்காரப் பெண்கள் எல்லோரிடமும் அந்தத் தபால்காரர் எத்தனை மணிக்கு நம் தெருப்பக்கம் வருவார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த ஆபீஸ் பக்கம் போகவே வேண்டாம் என்பதையும் சேர்த்துத்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தென்காசி மாவட்டம்