கருத்தரிப்பு மையங்களில் ஆலோசனை கையெழுத்தோடு முடியலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வெற்றி வாய்ப்பு, பக்கவிளைவு, செலவு ஆகியவற்றைத் தம்பதிக்கு விளக்கி முறையான ஆலோசனை தருவதைக் கருத்தரிப்பு மையங்களின் கடமையாக 2021-ஆம் ஆண்டின் உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் ஆக்கியிருக்கிறது. நடப்பில் பல இடங்களில் அது, செவிலியர் விரல் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவதோடு முடிந்துவிடுகிறது.

கருமுட்டை வளர்வதற்கான ஊசி தொடங்கும் முன்பே இருவரோடும் சேர்ந்தும் தனித்தனியாகவும் முக்கால் மணி நேரமாவது பேச வேண்டும். எத்தனை முறை முயல்வது, எவ்வளவு பணம் வரை, நகையை அடகு வைப்பதா, வீட்டில் யாருக்குச் சொல்வது என்பதை அப்போதே பேசிவைக்காவிட்டால், தோல்வி வந்த வாரத்தில் அழுதுகொண்டே முடிவெடுக்க நேரும். 'வேறு பெண் பார்க்கலாம் என்கிறார் மாமியார்' என்பதெல்லாம் தனியே பேசும்போதுதான் வெளியே வரும். ஏறத்தாழ பாதித் தம்பதிகளில் ஆணிடமும் குறை இருக்கிறது. விந்துப் பரிசோதனையும் எளியது. 2 முதல் 7 நாள் உறவைத் தவிர்த்து மாதிரி கொடுத்தால் போதும். ஆனாலும் மனைவிக்கு லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டு கேமராவால் பார்ப்பது) வரை முடிந்த பிறகே பல கணவர்கள் வருகிறார்கள். விந்தணுவே இல்லை என்று அறிக்கை வந்தால், வரவேற்பு மேசையில் உறவினர் முன்னால் நீட்டக் கூடாது. கதவைச் சாத்திவிட்டு அவரிடம் சொல்ல வேண்டும்.

கருவைக் கருப்பையில் வைத்தபின் முடிவுக்குக் காத்திருக்கும் இரண்டு வாரம்தான் மிகக் கொடியது. கரு தங்குவதற்காகக் கொடுக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் மருந்தே மார்பு வலி, வயிற்று உப்புசம், அசதி எல்லாம் தரும். இதை முன்கூட்டிச் சொல்லாததால் பெண்கள் அவற்றைக் கர்ப்ப அறிகுறி என்று நம்பிவிடுகிறார்கள். ரத்தப் பரிசோதனை 'நெகட்டிவ்' என்றதும் அடி இரட்டிப்பாக விழுகிறது. முடிவை வேலை நேரத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்புவது கொடுமை. எப்போது, யாரிடம் சொல்வது என்று முதலிலேயே கேட்டுவைக்கலாம்.

தோல்விக்குப் பிறகு அடுத்த பேக்கேஜ் விலையைச் சொல்லத்தான் போன் வருகிறது. ஒரு வாரத்துக்குள் ஆலோசகர் அழைக்க வேண்டும். மாடிப்படி ஏறியதாலோ குடம் தூக்கியதாலோ கரு தங்காமல் போகவில்லை, பெரும்பாலும் கருவின் குரோமோசோம் கோளாறே காரணம் என்று மாமியாருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். இரண்டு வாரமாகத் தூக்கமோ பசியோ இல்லையென்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 'இருந்து என்ன பயன்' என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

சுகாதாரத் துறை ஆய்வுக்குப் போகும்போது, பலகையில் ஆலோசகர் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், சென்ற மாதம் அவர் யாரோடு எவ்வளவு நேரம் பேசினார் என்ற பதிவேட்டையும் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
கருத்தரிப்பு ஆலோசகர்கள் சிலர், மதுரை