கடன் வாங்கிக் கழித்தல்

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி போனில் சரியாகப் பேச முடியவில்லை. குறுவை அறுத்தாச்சு, ஆனால் மூன்று நாளாக மழை. ரோட்டில் கொட்டிய நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடுவதும், வெயில் எட்டிப் பார்த்தால் பிரிப்பதுமாக அப்பாவோடு நானும் அலைகிறேன். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இறங்கினால்தான் கொள்முதலுக்கு எடுப்பார்கள். இப்போதுதான் உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கிளை நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லக் கூப்பிடுகிறார்கள், போகலாமா, இல்லை அந்த நேரத்தில் ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு, அதான் டெட்டுக்குப் படிக்கலாமா என்று கேட்டாய். போ. டெட்டில் வரும் 150 கேள்விக்கும் படித்துத்தான் ஆகணும். அதற்கு மற்ற நாள் இருக்கிறது. பி.எட். இரண்டு வருஷத்தில் உங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதே 20 வாரம்தான். அதிலும் பாதி நாள் பாடக்குறிப்பு எழுதியே போகிறது என்று நீதானே புலம்பினாய்.

நான் டீச்சர் இல்லை. ஆனால் 2022இல் நம் திண்ணையில் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்தவள். மாதம் 1000 ரூபாய் கொடுத்தார்கள், பாதி சாக்பீஸுக்கும் கடலைமிட்டாய்க்கும் போனது. ஒரு நாள் 42இல் 17 கழிக்கணும். எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே, "பக்கத்துல ஒண்ணு கடன் வாங்கு" என்றேன். மூன்றாவது படிக்கிற பையன், யாரென்று உனக்கே தெரியும், பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் கேட்டான்: "எப்ப அத்தை திருப்பிக் குடுக்கணும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மற்ற பிள்ளைகளும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. குழுக் கடன் வசூலுக்கு அவன் வீட்டு வாசலில் ஆள் வந்து நின்றது அந்த வாரம்தான். வாங்கினால் திருப்பித் தரணும் என்பது அவனுக்குத் தெரியும். கணக்கில் மட்டும் எப்படித் தராமல் விடுகிறார்கள்? சிரித்தது தப்பு என்று இன்றைக்கும் உறுத்துகிறது.

மறுநாள் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி உருவி, பத்துப் பத்தாக வாழைநாரில் கட்டி அவன் முன்னால் வைத்தேன். நாலு கட்டு, ரெண்டு உதிரி. "இதுல ஏழு குச்சி குடு" என்றேன். ரெண்டு உதிரியை எடுத்தான், திரும்ப வைத்தான். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அதுதான் சிரமம். பிறகு அவனே ஒரு கட்டின் நாரை அவிழ்த்தான். "இது கடன் இல்ல அத்தை, நம்ம கட்டுதானே" என்றான். இப்போதைய புத்தகத்தில் கடன் என்று இல்லாமல் இனமாற்றம் என்று போட்டிருப்பதை அதற்கப்புறம்தான் கவனித்தேன். இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் கைடில் கிடைக்காது பாப்பா, பிள்ளை பக்கத்தில் தரையில் உட்கார்ந்தால்தான் கிடைக்கும்.

கதை சொல்லும்போது புத்தகத்தை அவர்கள் பக்கம் திருப்பிப் பிடி. எந்தப் பிள்ளையின் கண் எழுத்தில் ஓடுகிறது, எது படத்திலேயே நிற்கிறது என்று தெரியும். முழுக் கதையையும் நீயே நடித்துத் தீர்த்துவிடாதே. பஸ் பிடித்துப் போக அலுப்பாக இருக்கிறது என்று வேறு சொல்கிறாய்! நம் பக்கத்து மேலவாசலில் 1931லேயே மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

அப்புறம் பொழுதுபோக்கு. கோலமும் ஓவியமும் போதும் என்கிறாய். ரெண்டும் உனக்குத் தானாக வருகிறவை. வராத ஒன்றையும் பிடித்துக்கொள். பாமணி ஆற்றங்கரையில் வளர்ந்தும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதவள் நீ. நீச்சல் கற்றுக்கொள்ளேன்.

ஏன் சொல்கிறேன் என்றால், போன வருஷம் எனக்கு ஸ்கூட்டி பழக்கினாயே, முதல் நாள் எவ்வளவு பொறுமை. மூன்றாம் நாள், "எத்தனை தடவம்மா சொல்றது, பிரேக்க விடு" என்று கத்தினாய். எனக்குக் காது அடைத்துப்போய், இன்னும் இறுக்கித்தான் பிடித்தேன். அந்த நேரத்தில் எது பிரேக், எது ஆக்சிலேட்டர் என்பதே மறந்துவிட்டது. உனக்குச் சுலபமானதால் உனக்கு அது புரியவில்லை. குறையாகச் சொல்லவில்லை, நானும் திண்ணையில் கத்தியிருக்கிறேன்.

தீபாவளிக்கு எந்த பஸ் என்று முன்னாடியே சொல். அப்பா நெல்லை விட்டு வர முடியாது. பஸ் ஸ்டாண்டுக்கு நானே ஸ்கூட்டியில் வருகிறேன். பின்னால் உட்கார்ந்து பிரேக்கைப் பற்றி வாய் திறக்காதே.

அம்மா