பஜ்ஜி எண்ணெயும் டீசல் வேனும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பலகாரக் கடையில் மிஞ்சும் எண்ணெயை வேட்டித் துணியில் வடிகட்டி டீசலோடு கலந்தால் செலவு குறையும் என்ற பேச்சு எங்கள் ஊரிலும் உண்டு. தேயிலை ஏற்றும் வேன் வைத்திருக்கும் நானும் ஆசைப்பட்டேன். பத்து நாள் நன்றாகத்தான் ஓடியது; புகையில் பஜ்ஜி வாசனை வேறு. மார்கழிக் குளிரில் ஒரு காலை செல்ஃப் அடித்து அடித்து பேட்டரிதான் தீர்ந்தது. மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார்: வனஸ்பதி அப்பியதுபோல உறைந்த பாமாயில். எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் முனையில் கரி.

1900 பாரிஸ் கண்காட்சியில் டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது உண்மைதான். ஆனால் இன்றைய நுண்ணிய இன்ஜெக்டர்களுக்கு, டீசலைப்போல் சுமார் பத்து மடங்கு பிசுபிசுப்புள்ள எண்ணெய் ஒத்துவராது. மெத்தனாலும் காஸ்டிக் சோடா போன்ற காரமும் சேர்த்துக் கிளிசரினைப் பிரித்தெடுத்த பிறகே அது பயோடீசல். அதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். மெத்தனால் விஷம், சட்டெனத் தீப்பிடிக்கும்.

திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் எண்ணெய் சிதைந்து உருவாகும் மொத்த துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் பொரிக்கக் கூடாது என்ற விதி 2018 முதல் இருக்கிறது. அந்த எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்கும் திட்டமும் அதே ஆண்டில் வந்தது. ஆனால் எங்கள் கடைவீதியில் ஒரு டிரம்கூடக் கண்ணில் படவில்லை. தள்ளுவண்டிக்காரர்கள் இரவில் சாக்கடையில்தான் ஊற்றுகிறார்கள். வாரம் ஒருமுறையாவது வண்டி அனுப்பி எடுத்துச் செல்ல உணவுப் பாதுகாப்புத் துறை ஏற்பாடு செய்யுமா?

இப்படிக்கு,
ஒரு வேன் உரிமையாளர்,
கோத்தகிரி