சாய்ந்தது கோபுரமா, கமெராவா?

கல்லடி, மட்டக்களப்பு
ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைத் திருத்தி அனுப்பினேனே, அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துப் பழைய தேவாலயத்தின் கோபுரம். கால்வாய்க் கரையில் நின்று எடுத்திருந்தாய். பார்த்ததுமே எனக்குக் கை பரபரத்தது. முப்பது வருசம் தியோடலைட் பிடித்த நில அளவையாளனின் மகள் இப்படிக் கோணலாகவா படமெடுப்பாள் என்று போனிலேயே படத்தைச் சுழற்றினேன். கோபுரத்தை நிமிர்த்தி, “கமெராவை நேராகப் பிடி” என்று ஒரு வரியும் எழுதி அனுப்பினேன். நீ சிரிப்பு முகம் மூன்றைப் போட்டுவிட்டு, “அப்பா, பக்கத்து வீடுகளைப் பாருங்க” என்றாய்.

பார்த்தேன். கோபுரம் நட்டமாக நிற்கிறது; தெருவிலுள்ள வீடெல்லாம் கள்ளுக் குடித்தவன் மாதிரி ஒரு பக்கம் சரிந்து நிற்கிறது.

அன்று இரவே அந்தக் கோபுரத்தைப் பற்றித் தேடி வாசித்தேன். அம்மா இரண்டு தரம் சாப்பிடக் கூப்பிட்டும் எழும்பவில்லை. 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம், ஏறக்குறைய 75 மீட்டர் உயரம், உச்சி ஏறக்குறைய 2 மீட்டர் விலகி நிற்கிறதாம். கோபுரத்துக்கு இடம் போதாமல், பக்கத்தில் ஓடிய கால்வாயைத் தூர்த்து, அந்த மண்ணின்மேல் அத்திவாரம் போட்டிருக்கிறார்கள். தூர்த்த மண் எப்படித் தாங்கும்? எல்லைக்கல் இரண்டு அங்குலம் தள்ளிப் போனதற்கே பொல்லுத் தடியோடு வந்த ஆட்களைப் பார்த்தவன் நான். இரண்டு மீட்டர் என்றதும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆனால் எனக்கு மிகப் பிடித்தது வேறொன்று. உச்சியில் நாலு மூலையிலும் இருக்கிற சின்னக் கோபுரங்கள் மட்டும் செங்குத்தாக நிற்கின்றனவாம். அப்படியென்றால் கீழே கட்டிக்கொண்டிருக்கும்போதே அது சாயத் தொடங்கியிருக்க வேண்டும். மேசன்மார் மேலே போய்த் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்திருப்பார்கள், தலையில் கை வைத்திருப்பார்கள், சரி இனிமேலாவது நேராகப் போகட்டும் என்று தொடர்ந்திருப்பார்கள். உன் படத்தில் அந்த நாலும் சரியாகத் தெரியவில்லை, மிகக் கிட்ட நின்று எடுத்துவிட்டாய். இன்னொரு தரம் போ. கால்வாயின் மறுகோடி வரைக்கும் பின்வாங்கி, சூம் பண்ணி எடு. உடம்பு சாய்வதும் தலை நிமிர்வதும் ஒரே படத்தில் விழ வேண்டும்.

இதற்கு ஒரு வேலை சொல்கிறேன். நூலில் வீட்டுச் சாவியைக் கட்டு. கூட வருகிற ஆரையாவது அதைக் கையில் தூக்கிப் பிடிக்கச் சொல்லு, நூல் படத்தின் ஓரத்தில் விழட்டும். காற்றில்லாத நேரம் பார்த்துச் செய். அந்த நூல்தான் சாட்சி. நூலுக்குப் பக்கத்தில் கோபுரம் சாய்ந்து தெரிந்தால் சாய்ந்தது கோபுரம். நூலே சாய்ந்து தெரிந்தால் சாய்ந்தது நீ. என்னைப்போல ஒரு கிழவன் பிறகு உன் படத்தைத் திருத்த வரமாட்டான்.

அதே கோபுரத்தில் 1570இல் வார்த்த ஒரு மணி தொங்குகிறதாம், ஏறக்குறைய 9 தொன் எடை. அதை அடித்தால் கோபுரம் அதிரும் என்று பயந்து விசேசங்களுக்கு மட்டும்தான் அடிக்கிறார்கள் என்று வாசித்தேன். உனக்கு எப்போதாவது கேட்டதா? கேட்டால் போனில் பிடித்து அனுப்பு.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். “நம்ம ஊர்ல படமெடுக்கிற மாதிரிக் கோபுரம் எது?” என்று கேட்டிருந்தாய். அம்மா மாமாங்கம் கோயில் என்றாள். எனக்கு முதலில் வாயில் வந்தது வெளிச்சவீடு. மூன்று தரம் போய்விட்டேன், மூன்று தரமும் வேறுவேறு பாடம்.

முதல் நாள் அம்மாவையும் பின்னால் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பார் வீதி வழியே பாலமீன்மடுவுக்குப் போனேன். கிட்டப் போய் நின்று, தலையை அண்ணாந்து, முழுதும் அடங்கட்டும் என்று அந்த அகலமான வில்லையைப் போட்டு எடுத்தேன். வந்த படத்தைப் பார்த்தால் வெளிச்சவீடு பின்னால் மல்லாந்து விழப் போகிறது. அடி யானைக்கால், தலை ஈர்க்குக்குச்சி. போனை மேல்நோக்கிச் சாய்த்தால் எந்தக் கோபுரமும் அப்படித்தான் விழும். கிட்ட நின்றால் இன்னும் மோசம். தியோடலைட்டை மட்டம் பார்க்காமல் ஒரு கோணமும் வாசிக்காதவன், போன் கைக்கு வந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன் பார்.

இரண்டாம் நாள் படத்தை விட்டுவிட்டு, பழைய வியாதி பிடித்துக்கொண்டது: உயரத்தை அளந்து பார்ப்போம் என்று. அம்மாவின் குடையை நட்டமாகப் பிடித்து அதன் நிழலை அளந்தேன். பிறகு வெளிச்சவீட்டின் நிழலைக் காலடியால் அளந்தேன். குடைக்கும் நிழலுக்கும் என்ன கணக்கோ அதே கணக்குத்தான் கோபுரத்துக்கும். பெருக்கிப் பார்த்தால் 25 மீட்டர்தான் வருகிறது. புத்தகக் கணக்கு 28. மூன்று மீட்டரை யார் தின்றது? கச்சான் விற்கிற பொடியன் வேறு, “என்ன ஐயா, காணி அளக்கிறீங்களா?” என்று கேட்டு மானத்தை வாங்கினான். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போதுதான் விளங்கியது. நான் சுவரிலிருந்து அளந்துவிட்டேன். உச்சி இருப்பது கோபுரத்தின் நடுவுக்கு நேரே. நிழலையும் நடுவிலிருந்தல்லவா அளக்க வேண்டும்? அடிவட்டத்தின் அரை விட்டத்தைச் சேர்த்ததும் கணக்கு 28க்குக் கிட்ட வந்து உட்கார்ந்தது. அம்மாவிடம் சொன்னேன். “கட்டடத்தோட இவ்வளவு கதைக்கிற மனிசன், கலியாணம் கட்டின நாள் தொட்டு என்ன ஒரு படம் ஒழுங்கா எடுத்திருக்காரா?” என்றாள். அதற்கு எந்தக் கணக்கிலும் பதில் இல்லை.

மூன்றாம் நாள்தான் விசயத்துக்கு வந்தேன். கரையில் தோணி கட்டிக்கொண்டிருந்த ஒருவர், நான் முன்னுக்கும் பின்னுக்கும் நடப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சேர், இது கரையில நிக்கிற ஆக்களுக்குக் கட்டினதில்ல. தண்ணியில நிக்கிற ஆக்களுக்குக் கட்டினது. ஏறுங்க.”

எவ்வளவு சின்ன விசயம்! இந்த ஊரில் அறுபத்தெட்டு வருசம் இருந்தும் எனக்குத் தோன்றவில்லை. 1913இல் அதைக் கட்டியபோது நம் ஊருக்குக் கல்லடிப் பாலம் இல்லை, ரயில் இல்லை. பாலம் 1924, ரயில் 1928. கடல்தான் பெருந்தெரு. முகத்துவாரத்தில் மணல் திட்டு எப்போது எங்கே கிடக்கும் என்று சொல்ல முடியாது. மாரியில் வெள்ளம் வாவியை நிறைத்தால் ஆற்றுவாய் வெட்டித்தான் தண்ணீரைக் கடலுக்கு விடுகிறோம், பிறகு கடல் மணலைக் கொண்டுவந்து திரும்ப மூடிவிடும். அந்தத் திட்டைத்தான் வெள்ளைக்காரன் ‘பார்’ என்றான், அதனால்தான் பார் வீதி, டச்பார். சின்ன வயதில் நீ “ஏனப்பா, அங்க சாராயக்கடையா?” என்று கேட்டது ஞாபகமா?

தோணியில் ஏறி, மாலை வெயில் முதுகுக்குப் பின்னால் நிற்கும்படி நிறுத்தச் சொன்னேன். தூரம் கிடைத்துவிட்டதால் போனைச் சாய்க்கவே வேண்டியிருக்கவில்லை. நேரே பிடித்தேன், கோபுரம் முழுதாக அடங்கியது. கீழே வாவித் தண்ணீரின் கோடு. அதைவிட நல்ல ரசமட்டம் எந்த மேசனிடமும் இல்லை. தோணி ஆடியதால் பன்னிரண்டு படத்தில் பதினொன்று குப்பை. ஒன்று தேறியது. இத்தோடு அனுப்புகிறேன். படத்தின் வலப் பக்கம் கரையில் ஒரு நீலப் புள்ளி தெரியும், அதுதான் குடையோடு அம்மா. தோணிக்கு வரமாட்டேன் என்று நின்றுவிட்டாள். அளவுகோலுக்கு ஒரு ஆள் வேண்டும்தானே என்று சமாதானம் சொன்னேன், இன்னும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

திரும்பும்போது தோணிக்காரர் கடல் பக்கம் கையைக் காட்டி ஹெர்மிஸ் கப்பலைப் பற்றிச் சொன்னார். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான்காரன் குண்டு போட்டுத் தாழ்த்திய விமானந்தாங்கிக் கப்பல். நம் கரைக்கு நேரே அடியில் கிடக்கிறது, சுழியோடிகள் இன்றும் போய்ப் பார்க்கிறார்கள். வெளிச்சவீடு அதையும் பார்த்தது, 1978 நவம்பர் சூறாவளியையும் பார்த்தது, 2004 சுனாமியையும் பார்த்தது.

நம் மட்டக்களப்புக் கோட்டையைப் பற்றி நிறைய எழுதமாட்டேன், அது உனக்குத் தெரிந்ததுதான். பிறப்புப் பத்திரம் எடுக்க என்று கச்சேரிக்கு, அந்த அரசாங்க அலுவலகத்துக்கு, உன்னை எத்தனை தரம் அதற்குள் கூட்டிப் போயிருப்பேன். ஆனால் உன் ஊர்த் தேவாலயத்தை வாசிக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. பீட் ஹெயின் என்ற ஒல்லாந்தக் கடற்படைத் தலைவனின் சமாதி அங்கேதான் இருக்கிறதாம். 1628இல் கியூபாப் பக்கம் ஸ்பெயின் அரசனின் வெள்ளிக் கப்பல்களைப் பிடித்தவன். அதே 1628இல்தான் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். அந்தக் காலத்தில் போர்த்துக்கலுக்கும் ஸ்பெயினுக்கும் ஒரே அரசன். அங்கே வெள்ளியைப் பறிகொடுத்தவனும் இங்கே கோட்டை கட்டியவனும் ஒருவனே. பத்தே வருசம், 1638 மே மாதம் வெஸ்டர்வோல்ட் என்ற ஒல்லாந்தத் தளபதி கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து அதையும் பறித்துக்கொண்டான். இலங்கையில் ஒல்லாந்தர் கையில் விழுந்த முதல் போர்த்துக்கேயக் கோட்டை நம்முடையதுதான். அவனை அனுப்பிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு ஆறு கிளைச் சபைகள், அதில் ஒன்று டெல்ஃப்டில். அந்தக் கட்டடம் நீ சைக்கிளில் போகிற வழியில் எங்கேயாவது இருக்கும். இருந்தால் நின்று ஒரு படம் எடு. நம் நெடுந்தீவுக்கும் அந்த ஊர்ப் பெயரைத்தானே வைத்துவிட்டுப் போனார்கள்!

இனி, இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்த காரணம்.

உன் சாய்ந்த கோபுரத்தைப் பார்த்ததும் எனக்கு நம் கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில் ஞாபகம் வந்தது. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் தங்கிப் போக 1984இல் கடற்கரையில் எழுந்த கோயில். சுனாமி அடித்தபோது அதன் கோபுரம் விழவில்லை, சாய்ந்து நின்றது. வர்ணமெல்லாம் அப்படியே, பொம்மைகள் அப்படியே, மொத்தமாக ஒரு பக்கம் சரிந்து. சில மாதம் கழித்து உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். உனக்கு எட்டு வயது. பழைய பிலிம் கமெராவில் ஒரே ஒரு படம் எடுத்தேன்.

போன கிழமை அலுமாரியில் அந்தப் படத்தைத் தேடி எடுத்தேன். படத்தில் கோபுரம் நேராக நிற்கிறது. ஊரே வந்து பார்த்த சாய்வு, என் படத்தில் மட்டும் இல்லை. கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு பின்னால் பார்த்தேன்: கடல் கோணலாகக் கிடக்கிறது, தண்ணீரெல்லாம் ஒரு மூலையால் வழிந்து போவது மாதிரி. தென்னைகள் எல்லாம் ஒரே பக்கம் சரிவு. கோபுரத்துக்கு முன்னால் நீயும் அம்மாவும் கை கோத்துக்கொண்டு, அடுத்த நிமிசம் விழப் போகிறவர்கள் மாதிரி நிற்கிறீர்கள்.

கமெராவைச் சாய்த்துப் பிடித்தது எனக்கு ஞாபகமே இல்லை. கை தானாகச் செய்திருக்கிறது.

முதலில் ஸ்கான் பண்ணி, போனில் சுழற்றிச் சரிசெய்து அனுப்பலாம் என்று நினைத்தேன். விரலை வைத்தும் விட்டேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். எடுத்தபடியே அனுப்புகிறேன். நீயும் திருத்தாதே.

அம்மா பக்கத்தில் வந்து நிற்கிறாள், குளிர் உடுப்பு வாங்கினாயா என்று கேட்கிறாள். பதில் அவளுக்கு எழுது, எனக்கு அந்த நாலு சின்னக் கோபுரத்தின் படத்தை அனுப்பு. நூலையும் சாவியையும் மறக்காதே.

அன்புடன்,
அப்பா