கரிபு மானுக்குக் கூடு இல்லை, அமைச்சரே

ஒன்ராறியோ மாகாணத்தின் சுற்றுச்சூழல், பாதுகாப்பு, பூங்காக்கள் அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். இதன் ஆங்கிலப் பிரதி உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக வருகிறது. ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன் என்று இந்த மாகாணத்தில் வாக்களிக்கிற தமிழர்கள் ஏராளம் என்பதால் தமிழிலும் எழுதுகிறேன். 2023 ஜூனில் கியூபெக் காடுகள் எரிந்த புகை ரொறன்ரோவை மூடியபோதுதான் எங்களில் பலருக்கு வடக்கே காடு இருப்பதே நினைவுக்கு வந்தது. அந்தக் காட்டில் பெரும்பகுதி அரச நிலம். அதாவது எங்கள் பெயரிலும் நீங்கள் வைத்திருக்கும் நிலம். அதைப் பற்றிக் கேட்க எங்களுக்கும் உரிமை உண்டு.

நான் கேட்க வந்தது ஒரு சட்ட வரையறையைப் பற்றி.

2007ஆம் ஆண்டின் அழிவாபத்து உயிரினச் சட்டத்தில், ஒரு விலங்கு தன் வாழ்க்கையை நடத்த நேரடியாகவோ மறைமுகமாகவோ நம்பியிருக்கும் இடம் எல்லாமே அதன் வாழிடமாக இருந்தது. இரை தேடும் இடம், இடம்பெயரும் வழி எல்லாம் அதில் அடங்கின. 2025 ஜூனில் நிறைவேறிய 5ஆம் இலக்கச் சட்டமூலம் அதை மாற்றிவிட்டது. இப்போது விலங்கின் வாழிடம் என்றால் அதன் வளை, கூடு போன்ற தங்குமிடமும் அதை ஒட்டி இனப்பெருக்கத்துக்கும் குளிர்காலத்தைக் கழிப்பதற்கும் இன்றியமையாத சிறு பகுதியும்தான். நரிக்கு வளை உண்டு, கழுகுக்குக் கூடு உண்டு. கரிபு மானுக்கு எது?

தமிழ் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: நம் 25 சத நாணயத்தில் 1937 முதல் தலை நீட்டிக்கொண்டிருக்கும் மான்தான் கரிபு. அதில் காட்டில் வாழும் வகை, போரியல் காடு எனப்படும் வடக்கின் ஊசியிலைக் காட்டில், பழைய ஸ்புரூஸ், ஜாக் பைன் மரங்களுக்கிடையே இருக்கிறது. குளிர்காலத்தில் குளம்பால் பனியைத் தோண்டி, அடியில் உள்ள லைக்கன் பாசியைத் தின்னும். அந்தப் பாசி தழைக்கப் பல பத்தாண்டுகள் வேண்டும். ஆண்டுக்கு ஒரே குட்டி. குட்டி போடும் காலத்தில் பெண் மான்கள் கூட்டத்தை விட்டுப் பிரிந்து, ஏரித் தீவுகளுக்கும் சதுப்புகளுக்கும் தனித்தனியே போய்விடும். ஓநாய்க்குத் தேடித் தேடிக் கால் ஓய வேண்டும் என்பதுதான் அதன் தற்காப்பு. பரந்த காட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி இருப்பதே அதன் பலம்.

வெட்டுமரக் கம்பனி ஒரு கரிபுவைக்கூடக் கொல்வதில்லை. பழைய காட்டை வெட்டிய இடத்தில் முதலில் வருவது இளம் பேர்ச், பொப்லர், புதர்கள். அது மூஸ் மானுக்கும் வெள்ளைவால் மானுக்கும் விருந்து. அவை பெருகினால் ஓநாய் பெருகும். மரம் ஏற்றும் லொறிக்காகப் போட்ட பாதையில் ஓநாயும் வேகமாக ஓடும். முன்பு எட்டாத இடங்கள் இப்போது எட்டும். மூஸ் இந்த வேட்டையைத் தாங்கிக்கொள்ளும். ஆண்டுக்கு ஒரு குட்டி போடும் கரிபுவால் முடியாது. வெட்டியவர்கள் போய் ஆண்டுகள் கழித்துத்தான் கணக்குத் தெரியவரும். அப்போது பழியை ஓநாய் மீது போடுவது சுலபம்.

இந்த விலங்கின் தங்குமிடத்தை மட்டும் காப்போம் என்கிறது உங்கள் சட்டம். ஒரு விவசாயியின் வீட்டை அவருக்கே விட்டுவிட்டு, வயலையும் கிணற்றையும் வேலி போட்டு எடுத்துக்கொண்டால், அவரைக் குடியிருக்க விட்டோம் என்று சொல்ல முடியுமா? ஈழத்தில் இருந்து வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பூங்காக்கள் இருக்கின்றனவே என்பீர்கள். பூங்காக்களுக்கு நான் எதிரியில்லை. 2006ஆம் ஆண்டின் பூங்காச் சட்டம் சூழலியல் முழுமைக்கு முதலிடம் கொடுத்தது, நல்ல சட்டம். (கோடையில் கூடாரம் அடிக்க நம்மவர்கள் திரண்டு போகும் அல்கொன்குவினில் மட்டும் இன்றும் மரம் வெட்டலாம் என்பது பலருக்குத் தெரியாது. அது வேறு கதை.) ஆனால் சுப்பீரியர் ஏரிக்கரையில் உள்ள புக்காஸ்க்வா தேசியப் பூங்காவைப் பாருங்கள். 1,878 சதுர கிலோமீட்டர், உள்ளே மரவெட்டு இல்லை. 1970களில் அங்கே சுமார் முப்பது கரிபு இருந்தன. இன்று இல்லை. சுற்றியிருந்த காடு மாறிவிட்ட பிறகு, பூங்கா தனித்துப்போன ஒரு துண்டாகிவிட்டது.

மிஷிபிகோட்டன் தீவில் நடந்ததோ இன்னும் வேகம். அது மாகாணப் பூங்கா. நூற்றுக்கணக்கில் கரிபு செழித்திருந்த தீவு. 2014 குளிர்காலத்தில் ஏரி உறைந்தபோது சில ஓநாய்கள் பனிக்கட்டி மேல் நடந்து வந்து சேர்ந்தன. நான்கே ஆண்டுகளில் மான்கள் கிட்டத்தட்டத் தீர்ந்தன. 2018 தொடக்கத்தில், மிஷிபிகோட்டன் முதற்குடியினர் விடாமல் வலியுறுத்திய பிறகு, மிஞ்சியவற்றில் சிலவற்றை ஹெலிகொப்டரில் ஸ்லேட் தீவுகளுக்கும் கரிபு தீவுக்கும் கொண்டுபோனார்கள். அந்த வேலையைச் செய்தவர்களைப் பாராட்டுகிறேன். ஆனால் ஒரு மாகாணம் தன் கரிபு மான்களை ஹெலிகொப்டரில் தூக்கிக்கொண்டு தீவு தீவாக அலைவதைப் பாதுகாப்புக் கொள்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தென்புறத்தில் இந்த மான் ஒரு காலத்தில் பரவியிருந்த காடு தொடர்ந்து இருந்திருந்தால், ஒரு தீவில் விழுந்த அடி அவ்வளவு பெரிதாகியிருக்காது.

1997இல் இதே மாகாணம் வேறு மாதிரி யோசித்தது. தண்டர் பேக்கு வடக்கே உள்ள வபாகிமி பூங்காவைக் கரிபுவை மனதில் வைத்தே ஏறத்தாழ 8,900 சதுர கிலோமீட்டருக்கு விரித்தார்கள். அதுகூடப் போதாது என்றாலும் திசை சரி.

மத்திய அரசின் 2012ஆம் ஆண்டு மீட்புத் திட்டம் ஓர் அளவு சொல்கிறது. ஒவ்வொரு கரிபு வாழ்பரப்பிலும் குறைந்தது 65 சதவீதம் குலையாமல் இருக்க வேண்டும். அப்படி இருந்தாலும் அந்தக் கூட்டம் தன்னாலே நிலைத்திருக்க நூற்றுக்கு அறுபது வாய்ப்புத்தான். ஆகவே 65 என்பது இலக்கு அல்ல, அதற்குக் கீழே போகக்கூடாத தரை. நீங்களோ 2020 இறுதியில் அரச நிலத்து மரவெட்டுக்கு அழிவாபத்து உயிரினச் சட்டத்திலிருந்து நிரந்தர விலக்கே கொடுத்துவிட்டீர்கள்.

வடக்கில் மர ஆலையை நம்பிய ஊர்கள் இருக்கின்றன, அமெரிக்கா மரத்துக்குப் போடும் வரி அவர்களை வாட்டுகிறது என்பீர்கள். உண்மை. அந்த ஊர்களுக்கு உதவி தேவை, தாருங்கள். ஆனால் வாழிட வரையறையைச் சுருக்கியதால் அமெரிக்க வரி ஒரு சதமும் குறையவில்லை.

தூர வடக்கு இன்னும் பெரிய விஷயம். 2010ஆம் ஆண்டின் தூர வடக்குச் சட்டத்தில் குறைந்தது 2,25,000 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பது என்ற குறிக்கோள் இருந்தது. பின்னர் அதை எடுத்துவிட்டீர்கள். அங்கேதான் ஹட்சன் குடாத் தாழ்நிலச் சதுப்புகள், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்காமல் படிந்த பாசியில் கோடிக்கணக்கான தொன் கார்பனைப் பிடித்து வைத்திருக்கின்றன. அங்கேதான் குரோமைட், நிக்கல் கிடக்கும் 'நெருப்பு வளையம்' என்ற கனிமப் பகுதி. அங்கே சிறப்புப் பொருளாதார வலயம் அறிவித்து, மாகாணச் சட்டங்களையே ஒதுக்கிவைக்க முடியும் என்று 5ஆம் இலக்கச் சட்டமூலம் வழி செய்திருக்கிறது.

அங்குள்ள முதற்குடியினர் எல்லோரும் ஒரே குரலில் பேசுவதில்லை. வெபெக்வீயும் மார்ட்டன் ஃபோல்ஸும் பாதை வேண்டும் என்று முன்னிற்கின்றன. பால் பெட்டிகூட விமானத்தில் வரவேண்டிய ஊரில் இருப்பவரைப் பாதை கேட்காதே என்று சொல்ல ஸ்காபரோவில் இருக்கும் எனக்கு வாய் வராது. நெஸ்காண்டகாவோ, 1995 முதல் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லும் அறிவித்தலோடு வாழ்கிறது. கிச்சனூமேகூசிப் மக்களின் தலைவர்கள் 2008இல் சுரங்கத் தேடலை எதிர்த்துச் சிறை சென்றார்கள். 2011இல் அவர்கள் தங்கள் நீரேந்து பகுதி முழுவதையும் காப்பதாக அறிவித்தார்கள். அந்த அறிவிப்பைச் சட்டமாக்கும் வேலையைத் தொடங்குங்கள். நிலத்தை அளக்கும் இயந்திரம் போவதற்கு முன்னால், எது காக்கப்பட வேண்டும் என்று அங்கே வாழ்பவர்கள் சொல்லட்டும். மனிட்டோபா எல்லையில் அனிஷினாபே முதற்குடியினர் வழிநடத்திய பிமாச்சியோவின் அகி என்ற காட்டு நிலப்பரப்பு 2018இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. ஒன்ராறியோவின் வூட்லண்ட் கரிபு பூங்காவும் அதற்குள்தான் இருக்கிறது. முன்மாதிரிக்கு வெளிநாடு போகத் தேவையில்லை.

அப்புறம், உடனே செய்யக்கூடியது ஒன்று. 2022 ஏப்ரலில் மத்திய அரசோடு கரிபு உடன்படிக்கை கையெழுத்திட்டீர்கள், கண்காணிப்புக்குப் பணமும் ஒதுக்கப்பட்டது. ஒவ்வொரு வாழ்பரப்பிலும் இன்று எத்தனை சதவீதம் குலைந்திருக்கிறது என்பதை ஆண்டுதோறும் பொதுமக்களுக்கு வெளியிடுங்கள். குலையாத பகுதி 65 சதவீதத்துக்குக் கீழே போன இடத்தில் புதிய வெட்டுக்கும் புதிய பாதைக்கும் அனுமதி கொடுக்காதீர்கள். வரையறையை 2007இல் இருந்தபடியே திருப்பி வையுங்கள். எல்லா உயிரினத்துக்கும் முடியாது என்றால், கூடும் வளையும் இல்லாத இந்த ஒன்றுக்காவது.

பதிலை ஆங்கிலத்திலேயே அனுப்பலாம். தமிழில் நாங்கள் பகிர்ந்துகொள்வோம்.

இப்படிக்கு,
ஸ்காபரோவில் இருந்து ஒரு வாக்காளர்