புது சிலிண்டரில் மட்டும் கை வை

மன்னார்குடி

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மேட்டூர் திறந்து பாமணியாற்றுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. குறுவை நடவுக்கு ஆள் பிடிப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது. அம்மாவுக்கு முட்டிவலி இப்போது தேவலை.

சரி, உன் ரிவால்வர் விஷயம். உன் ரூகர் .357 பிளாக்ஹாக்கில் 9 எம்.எம். தோட்டாவும் சுடுவதற்காக அந்த அளவு சிலிண்டர், அதாவது தோட்டா உட்காரும் உருளை, ஒன்று வாங்கியிருப்பதாகவும், வீட்டிலேயே மாட்டிப் பார்க்கப் போவதாகவும் சொன்னாய். இங்கே 1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி உதிரிபாகமும் ஆயுதம்தான். பழுது பார்க்கவும் லைசென்ஸ் வேண்டும். அங்கே டெக்சாஸில் சிலிண்டர் தபாலிலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறது. அதனால் கடையில் ஒருவர் பார்த்துப் பொருத்தித் தரும் வேலை முழுக்க உன் தலையில் விழுந்திருக்கிறது. பட்டாளத்தில் பழுதுக்கு என் மேஜைக்கு வந்தவை நடுவில் முறித்துத் திறக்கும் .38 ரிவால்வர்கள். உன்னுடையது வேறு சாதி. ஆனாலும் இரும்பின் குணம் ஒன்றுதான், அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் தோட்டாக்களை வேறு ரூமில் வை. தோட்டா போடும் பக்கக் கதவான லோடிங் கேட்டைத் திறந்து, சிலிண்டரைச் சுற்றி, அதிலுள்ள ஆறு தோட்டா அறையையும் கண்ணால் பார், விரலாலும் தடவிப் பார். 1973க்குப் பிறகு வந்த மாடல் என்றால் கேட்டைத் திறந்தாலே சிலிண்டர் சுற்றும், தோட்டாவை அடிக்கும் ஹேமரைத் தொட வேண்டாம். அப்புறம் சிலிண்டருக்கு அச்சாக இருக்கும் பேஸ் பின்னை உருவி, பழைய சிலிண்டரை வலப்பக்கமாக எடுத்துவிட்டுப் புதியதை நுழை. பேஸ் பின்னைத் திரும்பச் செருகும்போது அது கைவிரல் அழுத்தத்திலேயே போக வேண்டும். போகவில்லை என்றால் சுத்தியலைத் தேடாதே.

பெரும்பாலும் இடிப்பது சிலிண்டரின் முன்பக்கம் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் கழுத்துதான். அதில் மார்க்கிங் ப்ளூ என்கிற நீல மையை மெல்லப் பூசி, நுழைத்து, வெளியே எடுத்துப் பார். எங்கே நீலம் போய் இரும்பு பளபளக்கிறதோ அந்த இடம்தான் தடை. நைஸ் சாணைக்கல்லைத் தட்டையாகப் பிடித்து இரண்டு மூன்று இழுப்பு, மறுபடி ப்ளூ, மறுபடி நுழைப்பு. இதில் பொறுமை வேண்டும். கொஞ்சம் கூடத் தேய்த்தாலும் சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடும், நம் ஆயில் இன்ஜினில் கிராங்க் ஆடுகிற மாதிரி.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். பேரல், பிரேம், சிலிண்டரைச் சுற்றித் தள்ளும் ‘கை’ என்கிற உள்பாகம் எல்லாம் இரண்டு சிலிண்டருக்கும் பொது. புதியது உட்காரவில்லை என்று பேரலின் பின்முகத்தைத் தேய்த்தால், பழைய .357 சிலிண்டருக்கு இடைவெளி அதிகமாகிவிடும். தள்ளும் கையை அரத்தால் தொட்டால் பழையது பூட்டும் நேரம் தப்பும். தேய்த்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் கல் படுவது புது சிலிண்டரில் மட்டும், அதுவும் அந்தக் கழுத்தில் மட்டும். கழுத்து உட்காரும் முன்பே சிலிண்டரின் முன்முகம் பேரலில் உரசினால் அதோடு நிறுத்திவிடு.

உட்கார்ந்துவிட்டதா? இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை எடு. சிலிண்டரைப் பின்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு பேரலுக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை அள. பிறகு முன்னால் தள்ளி அள. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆட்டம். பின்னால் தள்ளியபோது நாலிலிருந்து ஆறு தவ்வுக்குள் (தவ்வு என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.1 முதல் 0.15 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. ஆட்டம் ஓரிரு தவ்வுக்கு மேல் வேண்டாம்.

அப்புறம் காலி அறைகளோடு, சிலிண்டரை விரலால் லேசாகத் தடுத்துக்கொண்டு, ஹேமரை மெதுவாகப் பின்னால் இழு. ஹேமர் நிற்கும்போது சிலிண்டர் பூட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஐந்து சரியாக இருந்து ஒன்று தப்பினாலும் அது தேறாது. அறையின் வாய் பேரலுக்கு நேராக வருகிறதா என்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அதற்கென்று ஒரு கம்பி இருக்கிறது. அங்கே துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் காசு கொடுத்து அந்தச் சோதனையைச் செய்துகொள். இதை விட்டுவிடாதே அம்மாடி. அறை விலகியிருந்தால் குண்டின் ஓரம் சீவப்பட்டு ஈயம் பக்கவாட்டில் தெறிக்கும், பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கு ஆபத்து.

கம்பெனியில் துப்பாக்கியையே அனுப்பச் சொல்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டாய். அவர்கள் கேட்பது நியாயம்தான். சந்தேகம் வந்தால் அனுப்பிவிடு.

கேஜ் வைத்துப் பார்த்ததும் அந்த இரண்டு அளவையும் எனக்கு வாட்ஸாப்பில் போடு. நான் பார்த்துச் சொல்லும்வரை அதில் ஒரு தோட்டாவும் ஏற வேண்டாம். சுடப் போகும் அன்று கண்ணாடி போட்டுக்கொள், முதலில் ஒரே ஒரு தோட்டா, பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது.

அம்மா வடாம் காயவைத்திருக்கிறாள். வருகிற வாரம் பார்சல் போடுகிறோம், அட்ரஸ் பழையதுதானே?

அன்புடன்,
அப்பா